கற்குழியில் ஒரு காவல்கார வாப்பா



காலிக் கோட்டைக்குப் போனால் நாம் எதைப் பார்க்கிறோம்? ஒல்லாந்தர் காலத்து மதில், வெள்ளை வெளிச்சவீடு, அதன் அருகே மீரான் பள்ளிவாசல். மதிலில் நின்று காற்று வாங்கிவிட்டு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை கொஞ்சம் கீழேயும் பாருங்கள். கடல் வற்றும் நேரத்தில் அங்குள்ள பாறைகளில் சின்னச் சின்னக் கற்குழிகள் தெரியும். தலைப்பிறையையும் 14ஆம் பிறையையும் ஒட்டிய நாட்களில் கடல் கூடுதலாக வற்றும்.

அந்தக் குழிகளில் விரல் நீளத்தில் ஒரு மீன் வாழ்கிறது. பிளெனி என்பது அதன் இனப் பெயர். நிறம் பாறையின் நிறம். அசையும்வரை கண்ணுக்குப் படாது. நிழல் பட்டால் ஒரே துள்ளலில் அடுத்த குழிக்குத் தாவிவிடும்.

அல்லாஹ் இந்தச் சிறு உயிருக்குக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். உடம்பில் செதில் இல்லை; வழுவழுப்பான தோல்தான். அந்தத் தோல் ஈரமாக இருக்கும்வரை தண்ணீருக்கு வெளியிலும் சற்று நேரம் மூச்சுவிடும். பற்கள் பேன்சீப்பின் பற்களைப் போல நெருக்கமானவை. அவற்றால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். வெயிலில் குழி சூடேறினாலும், மழையில் உப்புக் குறைந்தாலும், கடல் திரும்பி வரும்வரை பொறுத்திருக்கும்.

இன்னொரு புதுமையும் உண்டு. பெண் மீன் பாறை இடுக்கில் முட்டையிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும்வரை காவல் இருப்பது வாப்பா மீன்தான்! செட்டையால் தண்ணீரை விசிறிக்கொண்டு வாசலிலேயே கிடக்கும்.

பிள்ளைகள் இந்த மீனைப் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுவார்கள். போத்தல் தண்ணீரில் அது வெகுநேரம் தாங்காது. அதைவிட, காவல் போன இடுக்கில் உள்ள முட்டைகள் நண்டுக்கும் மற்ற மீன்களுக்கும் இரையாகும். பிள்ளை ஒரு கல்லைப் புரட்டினால், பார்த்துவிட்டு முன்பிருந்தபடியே வைக்கச் சொல்லுங்கள். வெயில் பட்டால் கல்லின் அடியில் ஒட்டிய முட்டைகள் காய்ந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அப்போது பாறைக்கு இறங்க வேண்டாம். மற்ற நாட்களில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி, குழியருகே அசையாமல் குந்தியிருங்கள். கொஞ்ச நேரத்தில் இடுக்கிலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும். "சுப்ஹானல்லாஹ்" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா?