பாஸ்போர்ட்டைக் கடைசியில் பார்

"நாலு நாலு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னதும் வரும் முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்காகத்தான் நான் அங்கே போய் உட்கார்கிறேன். யார் எழுந்து போகிறார், யார் இருந்த இடத்திலேயே இருந்து பக்கத்தில் ஆள் வரக் காத்திருக்கிறார், மடிக்கணினித் திரையில் ஏதோ தேடுவதுபோல் பாவனை செய்பவர் யார் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஸ்வீடனில் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து படிக்கும் முதுகலை வகுப்புகளைக் கவனித்து, ஒளிப்பதிவு செய்து, பிறகு அந்த மாணவர்களிடமே பேசி எழுதுவது என் வேலை. 'கல்வியில் பண்பாட்டுப் பன்மையும் பன்னாட்டுமயமும்' என்று துறைக்கு நீளமான பெயர் உண்டு. நடப்பது என்னவோ, ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும் பொறுமையாகக் கேட்பதும்தான்.

குழு சேரும் இந்த விஷயத்தில் இன்றும் நான் திரும்பிப் படிக்கும் ஆய்வு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிமோன் வோலெட்டும் கிரேஸ் ஆங்கும் செய்து 1998இல் வெளியிட்டது. உள்ளூர் மாணவர்களும் ஆசியாவிலிருந்து வந்தவர்களும் தத்தம் கூட்டத்தோடு சேரவே விரும்பினார்கள். ஏன் என்று கேட்டபோது நான்கு காரணங்கள் வந்தன: மனசுக்கு நெருக்கம், மொழி, மற்றவரைப் பற்றிய தப்பெண்ணம், அப்புறம் சௌகரியம். கடைசிக் காரணத்தைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பகுதிநேர வேலை, வீட்டுக்கும் வளாகத்துக்கும் உள்ள தூரம், யாருக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பவை பண்பாடு அல்ல. பஸ் நேர அட்டவணை. ஒரே வளாகத்தில் இருந்தாலே கலந்துவிடுவார்கள் என்பதில்லை. பன்னாட்டுமயம் பற்றிய ஐந்து கட்டுக்கதைகளை ஆய்வாளர் ஜேன் நைட் 2011இல் பட்டியலிட்டபோது, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்தாலே வளாகம் பன்னாட்டுத்தன்மை பெற்றுவிடும் என்ற நம்பிக்கையைத்தான் முதலில் வைத்தார்.

என் தொழிலில் எனக்கிருக்கும் ஒரே பிடிவாதம், பண்பாடு என்ற விளக்கத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது. வகுப்பில் முக்கால் மணி நேரம் வாய் திறக்காத ஓர் இந்திய மாணவரைப் பற்றிக் கேட்டால், ஆசிரியர் தயாராகப் பதில் வைத்திருப்பார்: "உங்கள் பக்கத்து மாணவர்கள் பணிவானவர்கள், சட்டென்று பேசமாட்டார்கள்." அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை. அதுதான் அதிலுள்ள ஆபத்து.

இந்தச் சுலபமான பதிலுக்கு எண் கொடுத்தவர் கேர்ட் ஹோஃப்ஸ்டெட். 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் ஐபிஎம் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களிலிருந்து நாட்டுக்கு நாடு பண்பாட்டு மதிப்பெண் போட்டார். 1980இல் புத்தகம் வந்தது. பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அவை ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்கள் கொடுத்த விடைகள். ஒரு நாட்டின் சராசரியைத் தனி ஆள் தலையில் ஏற்றக்கூடாது என்று அவரே எச்சரித்தும் இருக்கிறார். ஆய்வேடு எழுதுபவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஹாங்காங்கிலிருந்து வந்தது. சீன மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், அதனால் மேலோட்டமாகப் படிக்கிறார்கள் என்பது அன்றைய மேற்கத்திய ஆசிரியர்களின் பொதுவான முறைப்பாடு. அப்படியானால் கணக்குத் தேர்வில் அவர்கள் எப்படி முன்னால் நிற்கிறார்கள்? டேவிட் வாட்கின்ஸும் ஜான் பிக்ஸும் 1996இல் தொகுத்த நூல் இந்தப் புதிரைத்தான் எடுத்துக்கொண்டது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஆழ்ந்த கற்றல், மேலோட்டக் கற்றல் என்ற பாகுபாட்டையே உருவாக்கிய ஃபெரென்ஸ் மார்ட்டனும் அவருடைய சகாக்களும் அதில் எழுதினார்கள்: திரும்பத் திரும்பச் சொல்வது புரிந்துகொள்வதற்கு எதிரி அல்ல, சிலருக்கு அதுவே வழி. குறளை முதலில் ஒப்பித்துவிட்டுப் பத்து வருஷம் கழித்து அர்த்தம் பிடித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் தன்னுடைய பழைய வகைப்பாடு பொருந்தாத இடத்தைத் தானே தேடிப்போன அந்த நேர்மை எனக்கு முக்கியம்.

என் கைவேலையைக் கற்றுக்கொடுத்தது என்று ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டுமானால், அது 1989இல் ஜோசப் டோபின், டேவிட் வூ, டேனா டேவிட்சன் மூவரும் எழுதிய 'பிரிஸ்கூல் இன் த்ரீ கல்ச்சர்ஸ்'. ஜப்பானின் கியோட்டோ, சீனாவின் குன்மிங், அமெரிக்காவின் ஹொனலுலு ஆகிய ஊர்களில் ஒவ்வொரு மழலையர் பள்ளியாக எடுத்துக்கொண்டு, ஒரு நாளை அப்படியே படம் பிடித்தார்கள். அதைச் சுமார் இருபது நிமிடமாகச் சுருக்கினார்கள். இதுவரை யாரும் செய்யக்கூடியது. பிறகு செய்ததுதான் விசேஷம். படத்தை முதலில் அந்த ஆசிரியைக்கே போட்டுக் காட்டினார்கள். அடுத்து அவருடைய சக ஆசிரியர்களுக்கு, பெற்றோர்களுக்கு, அதே நாட்டின் வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு, கடைசியில் மற்ற இரு நாட்டவர்க்கு. படம் ஆதாரம் அல்ல, கேள்வி. பார்த்தவர்கள் சொன்னதுதான் ஆதாரம்.

கியோட்டோ படத்தில் ஹிரோகி என்று ஒரு நான்கு வயதுப் பையன். சண்டை போடுகிறான், அடிக்கிறான், பாட அட்டைகளை மாடியிலிருந்து வீசுகிறான். ஆசிரியை பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. அமெரிக்கப் பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள்: முப்பது குழந்தைக்கு ஒரு டீச்சர் என்றால் எப்படிக் கவனிப்பார், பாவம்! அந்தப் பள்ளியினரோ வேறு சொன்னார்கள். ஆசிரியை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் சமாளிக்க இடம் விட்டு நின்றார். வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் பெரியவரையே எதிர்பார்த்து நிற்பார்கள், கூட்டமாக இருந்தால்தான் ஒருவரோடு ஒருவர் வாழப் பழகுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. வெளியிலிருந்து பார்க்கும்போது 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்று தெரிவது, உள்ளே இருப்பவருக்குக் கவனமாகச் செய்யும் வேலை. சுமார் இருபது வருஷம் கழித்து டோபின் வேறு சகாக்களோடு அதே பள்ளிகளுக்குத் திரும்பிப் போய் இரண்டாவது நூலையும் எழுதினார், 2009இல் வந்தது. மாறியது எது, மாறாதது எது என்று அதில் தெரியும். பண்பாட்டுக்கும் தேதி போட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

அந்த முறையைத்தான் நான் பெரியவர்கள் வகுப்புக்குச் சுருக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். குழு வேலையில் சில நிமிடத் துண்டை எடுத்து, குழுவில் இருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போட்டுக் காட்டி, "இங்கே என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேட்பேன். 'பணிவான' அந்த மாணவர் தன்னையே திரையில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதோ பாருங்க அக்கா, நான் வாயைத் திறக்கிறேன். அதுக்குள்ள அவங்க அடுத்த பாயிண்டுக்குப் போயிட்டாங்க." துண்டை நிறுத்தி மறுபடி ஓட்டினோம், உதடு அசைந்தது உண்மை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் வந்தது: "இது குழு மார்க். நான் தப்பாச் சொல்லி எல்லாருக்கும் போச்சுன்னா? தேறலேன்னா விசா நீட்டிக்கும்போது எனக்குத்தானே கேள்வி வரும்." 2011 இலையுதிர்ப் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஸ்வீடன் கல்விக் கட்டணம் வாங்குகிறது. கடன் வாங்கி வந்தவருக்கும், உள்ளூர்க்காரருக்கும் அந்த மேசையில் தவறுவதற்கான விலை ஒன்றல்ல. அவருடைய மௌனத்தில் பாதி கட்டண ரசீது.

மீதிப் பாதியில் பண்பாடு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். குழுவில் தன்னைவிட வயதில் மூத்தவர் சொன்னதை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. அதையும் அவரே சொன்னார். மற்றதையெல்லாம் ஒதுக்கிய பிறகு மிஞ்சியதால் அதை நம்பி எழுத முடிந்தது.

தமிழ் மாணவர்களிடம் பேசும்போது எனக்கு ஒரு தனிச் சிக்கல். இரண்டு நிமிடத்தில் நான் 'அக்கா' ஆகிவிடுவேன். பேச்சு சரளமாக வரும், ஆனால் சரியான இடத்தில் "உங்களுக்குத் தெரியாததா" என்று நின்றுவிடும். ஜாதி, வீட்டில் போட்ட நிபந்தனை, யார் பணம் கட்டினார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். "தெரியும்ப்பா, ஆனாலும் நீ சொல்லு" என்று கேட்கக் கூச்சம் விட வேண்டும். ஒலிப்பதிவை நானே உட்கார்ந்து எழுத்தாக்குவதும் இதற்காகத்தான். மென்பொருள் சொற்களைப் பிடித்துவிடும். பேச்சு நின்ற நொடிகளைச் சுத்தமாக விழுங்கிவிடும்.

ஸ்வீடனையும் இதே கண்ணால்தான் பார்க்கிறேன். இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மாணவர்கள் பழைய நாட்டுக் குணம் என்று நினைக்கிறார்கள். 1960களின் இறுதி வரை இங்கும் பட்டமும் பதவியும் சொல்லித்தான் அழைத்தார்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் மாறிய பழக்கம். பன்னாட்டுமயம் பற்றிய சிந்தனைக்கும் இங்கே ஒரு தேதி உண்டு. மால்மோ பல்கலைக்கழகம் 1998இல் திறந்தபோது, பரிமாற்றத்துக்கு மாணவர்களை அனுப்ப வெளிநாட்டுத் தொடர்புகள் அதற்கு அதிகம் இல்லை. ஆனால் ஊர் நிறையக் குடியேறிகள். அங்கே இருந்த பெங்ட் நில்சன், ஊரிலிருந்தே தொடங்கலாம் என்றார். 'வீட்டிலேயே பன்னாட்டுமயம்' என்ற சிந்தனை அப்படிப் பிறந்தது. ஆனால் ஐரோப்பிய உயர்கல்வி அமைச்சர்கள் 2009இல் லூவென் கூட்டத்தில் வைத்த இலக்கே, 2020க்குள் பட்டதாரிகளில் 20 சதவீதத்தினராவது வெளிநாட்டில் படித்தோ பயிற்சி பெற்றோ இருக்க வேண்டும் என்பதுதான். எங்கும் போகாத பெரும்பான்மை அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறது. ஆய்வுப் பணமோ இன்றும் விமானம் ஏறியவர்கள் பின்னால்தான் போகிறது.

இந்தத் துறையில் ஆய்வேடு எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்றே கேட்கிறேன். நெறியாளரிடம் கொடுப்பதற்கு முன், பேட்டி கொடுத்த மாணவரிடம் அவரைப் பற்றி எழுதிய பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். அவர் அடித்துத் திருத்தித் தந்தால், திருத்தத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.