கடை, கண்ணு

குளிர்கால விடுமுறைக்கு முந்தைய நாள், என் மகள் யாழினியின் வகுப்பில் எல்லாரும் உணவைப் பகிர்ந்து உண்பதாக ஏற்பாடு. பல நிறக் காய்கள் சேர்ந்த பண்டம் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். யாழினி ‘டிப்’ செய்வது என்று முடிவு செய்துவிட்டாள். வெந்த பயறைக் குழைய மசித்து, தயிரும் எலுமிச்சைச் சாறும் கலந்து, நீளமாக நறுக்கிய காய்களால் அள்ளித் தின்னும் பண்டம் அது. கீழ்வீட்டு முகிலனும் எதிர்வீட்டுச் சிம்ரனும் அவளுடன் சேர்ந்துகொண்டார்கள்.

“டிப் என்றால் என்ன?” என்று என் அம்மா என்னிடம் கேட்டார். யாழினியிடம் கேட்கவில்லை. அவளோ அம்மாவின் அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நாங்கள் தில்லியில், ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் வசிக்கிறோம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து அம்மா அக்டோபர் மாதத்தில் எங்களிடம் வந்திருந்தார். பேத்தியுடன் சில மாதங்கள் இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. யாழினிக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பாடநூலில் உள்ள வினாக்களுக்கு விடை எழுதுவாள். ஆனால் அம்மாவின் கொங்குத் தமிழ் பாடநூலில் இல்லை. அம்மா ஏதேனும் கேட்டால் யாழினி என் முகத்தைப் பார்ப்பாள். நான் அதை இந்தியில் சொல்வேன். அவள் இந்தியில் தரும் விடையைத் தமிழாக்கி அம்மாவிடம் சொல்வேன். தமிழிலிருந்து தமிழுக்கே மொழிபெயர்த்த நாள்களும் உண்டு. உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒருவர் நடுவில் நின்று கொண்டிருக்கக்கூடும்.

கொங்கு நாட்டில் தாயின் தாயை ‘அம்மாயி’ என்று அழைப்பார்கள். யாழினி நூலில் கற்றபடி ‘பாட்டி’ என்றே அழைத்தாள். அம்மா அதைத் திருத்தவில்லை. நாளடைவில் கேள்வி கேட்பதையும் குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் மலை மந்திர் என்று எல்லாரும் சொல்லும் சுவாமிநாதசுவாமி கோயிலுக்குப் போய்வருவார். அங்கே தமிழில் பேச யாராவது கிடைப்பார்கள். டிசம்பர் பிறந்ததும், “பொங்கலுக்கு முன்னால் ஊருக்குப் போகிறேன். டிக்கெட் எடுத்துவிடு. குளிர் தாங்கவில்லை” என்றார். தில்லிக் குளிர் கடுமையானதுதான். ஆனாலும் குளிர் மட்டுமே காரணமன்று என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் டிக்கெட் எடுத்தேன்.

சனிக்கிழமை இரவு யாழினி இரண்டு குவளைப் பயறை அளந்து கழுவினாள். அம்மா ஒரு பயறை எடுத்து விளக்கொளியில் பார்த்தார். “தட்டைப்பயறு அல்லவா இது!” என்றார்.

“இல்லை பாட்டி, லோபியா” என்றாள் யாழினி.

இருவர் சொன்னதும் ஒன்றே. இந்தியில் லோபியா என்பதைத்தான் கொங்கு நாட்டில் தட்டைப்பயறு என்றும், சென்னைப் பக்கத்தில் காராமணி என்றும் சொல்வார்கள். இதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள மொழிகளில் எல்லாம் ஒவ்வொரு பெயர் பெற்றுவிட்டது. வெண்மையான உடலில் ஒரு கரிய கண் இருக்கும். 100 கிராம் உலர்ந்த பயறில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. எங்கள் ஊரில் சோளக்காட்டில் ஊடுபயிராக இதை விதைப்பார்கள். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்தில் சேர்க்கும். “தட்டைப்பயறு போட்ட காடு அடுத்த வெள்ளாமைக்கு நன்றாக இருக்கும்” என்று அம்மா சொன்னார். வெள்ளாமை என்றால் என்ன என்று யாழினி என்னைப் பார்த்தாள். பயிர் செய்வது என்று நான் மொழிபெயர்த்தேன்.

ஞாயிறு காலை ஊறிய பயறைக் குக்கரில் வேகவைத்தோம். மூன்று விசில் போதும் என்றும், வெந்த பின்பே உப்பிட வேண்டும் என்றும் அம்மா சொன்னார். வேகவைத்த நீரைக் கொட்ட விடவில்லை, அது இரசத்துக்காம். பயறு ஆறியதும் யாழினி மிக்சியை எடுத்தாள். அம்மா தலையசைத்து மறுத்துவிட்டுத் தம் பெட்டியைத் திறந்து ஒரு மத்தைக் கொண்டுவந்தார். கைபட்டுக் கைபட்டுக் காம்பு வழவழப்பாகிக் கறுத்திருந்த பழைய மர மத்து. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் இதைச் சுமந்து வந்தாரே என்று எனக்கு வியப்பு. “உன் வீட்டில் இருக்காது என்று தெரியும்” என்றார். உண்மைதான்.

பயற்றைச் சட்டியில் கொட்டி, மத்தை யாழினியின் கையில் கொடுத்து, “கடை, கண்ணு” என்றார்.

யாழினி மத்தைக் கீழே வைத்தாள். வாசலுக்குச் சென்று செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து, “என்ன வாங்க வேண்டும், பாட்டி?” என்று தமிழிலேயே கேட்டாள்.

அம்மா விழித்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்டோபர் முதல் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா யாழினியின் கையைப் பற்றி மத்தின் மேல் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்து அழுத்திச் சுழற்றினார். “இதுதான் கடைவது. நீ போகப் பார்த்தாயே, அது பண்டம் விற்கிற கடை.” அங்கே எனக்கு வேலை இல்லை. கொத்தமல்லி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் புறப்பட்டேன். திரும்பி வர அவசரப்படவும் இல்லை.

வந்தபோது சமையலறை ஒரே அமளியாக இருந்தது. எங்கள் வீட்டில் எந்தக் காயானாலும் ‘கட் பண்ணு’ என்பதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவள் நான்தான். அம்மாவிடமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருந்தது. வெங்காயத்தைப் பொடியாக அரிய வேண்டும். முள்ளங்கியின் தோலைச் சீவ வேண்டும். வெள்ளரியை நீளமாக நறுக்க வேண்டும். பீட்ரூட்டைத் துருவ வேண்டும். கொத்தமல்லியை ஆய வேண்டும். கத்தி அம்மாவின் கையில் இருந்தது. சொற்கள் பிள்ளைகளின் வாயில் இருந்தன. சிம்ரனுக்குத் தமிழே தெரியாது. ஆயினும் ‘துருவு’ என்ற சொல் அவளுக்குப் பிடித்துவிட்டது. துருவியைக் கையிலெடுத்து, “துருவு, துருவு” என்று பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

அந்த உற்சாகத்தில்தான் பிழை நேர்ந்தது. கடைந்த பயற்றில் தயிர், பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், எலுமிச்சைச் சாறு எல்லாம் கலந்தாயிற்று. வெளிர் நிறத்தில் இருக்கும் அதன் நடுவே துருவிய கேரட், பச்சைப் பட்டாணி, மஞ்சள் குடைமிளகாய் ஆகியவற்றைத் தனித்தனி வளையங்களாக வைப்பது யாழினியின் திட்டம். சிம்ரன் பீட்ரூட்டை அதில் போட்டு நன்றாகக் கலக்கியும் விட்டாள். கிண்ணம் முழுவதும் ரோசா நிறமாயிற்று. பீட்ரூட்டின் செந்நிறம் நீரில் கரைவது. நில் என்றால் நிற்காது. குளிர்காலத்தில் தில்லிச் சந்தைக்கு வரும் செந்நிறக் கேரட் அப்படியன்று. தக்காளியில் இருப்பதும் அதே நிறப்பொருள்தான். கொழுப்பில் கரையுமே அன்றி நீரில் கரையாது. அதனால் கேரட் இட்ட இடத்திலேயே இருக்கும். இதை நான் விளக்கியபோது யாரும் கேட்கவில்லை. சிம்ரன் அழும் நிலையில் இருந்தாள். முகிலன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “சுவை மாறவில்லை” என்றான். ரோசா நிறத்தின் மேல் பச்சையும் மஞ்சளும் இன்னும் எடுப்பாகத் தெரிகின்றன என்று யாழினியும் ஒருவாறு சமாதானமானாள். உள்ளபடி சொன்னால், அவளுடைய முதல் திட்டத்தைவிட அது அழகாகவே இருந்தது.

பயற்றில் தயிரைக் கலந்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க் கடையலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் மல்லியும் சேரும், தயிர் சேராது. எனினும் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, தட்டிலிருந்த சூடான சோற்றில் போட்டுப் பிசையத் தொடங்கினார்.

“ஐயோ, அம்மாயி! சோற்றில் போடக் கூடாது. இது தொட்டுக்கொள்ள!” என்று யாழினி கத்தினாள்.

அந்தப் பெயரை அவள் எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கடைக்குப் போயிருந்தபோதாக இருக்கலாம். அம்மா பிசைவதை நிறுத்தவில்லை. “தொட்டுக்கொள்ள என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமே. டிப்பு, கிப்பு என்றால்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வகுப்பிலிருந்து பாதிக் கிண்ணம் திரும்பி வந்தது. மூவரும் அதைப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள்.

ஜனவரியில், எடுத்த டிக்கெட்டின்படியே அம்மா ஊருக்குப் போனார். மத்தையும் கொண்டு போய்விட்டார். அவருக்கு அங்கே கொள்ளுக் கடைய வேண்டுமே. அதற்குப் பதிலாக, இங்கே தயிர் கடையப் பயன்படும் மதானி ஒன்றை யாழினிக்கு வாங்கிக் கொடுத்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவள் தானாகவே தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மாயி, இந்த மத்து வழுக்குதுங்க. பயறு மசியவே இல்லைங்க.”

“மத்தின் மேல் குற்றமில்லை, கண்ணு. பயறு வேகவில்லை. எத்தனை விசில் விட்டாய்?”

யாழினி என் பக்கம் திரும்பாமலே, “இரண்டுங்க” என்றாள்.