டிஸ்க் சாகேல்லை, ஒளிஞ்சிருந்தது

சோளகம் வீசின ஒரு சனிக்கிழமை. பேசாலையில இருந்து எங்கட தோழி ஒருத்தி தன்ர பழைய மடிக்கணினியோட வந்தா. விண்டோஸ் திறக்குதில்லை. திருத்தக் குடுத்த இடத்தில "டிஸ்க் செத்துப்போச்சு, புதுசு போடவேணும்" எண்டிட்டினமாம். காசு அவவுக்குப் பெரிய கவலை இல்லை. கடல்தொழில் செய்த அப்பா, சாகிறதுக்கு முதல் வாடை, சோளகம், கச்சான் எண்டு காற்றுகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் குரல்பதிவா அதுக்குள்ளதான் கிடக்குது. வேற பிரதி இல்லை.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது. அதுக்குப் பிறகு பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் குடுக்கிறதை நாங்கள் ஒரு வேலையா எடுத்திருக்கிறம். அந்தத் தைரியத்தில டெபியன் பென்டிரைவைச் செருகினம். நிறுவியில பென்டிரைவ் மட்டும்தான் தெரிஞ்சது. டிஸ்க் இல்லை. உண்மையைச் சொன்னா, நாங்களும் "செத்துத்தான் போச்சு" எண்டு சொல்ல வாயெடுத்திட்டம்.

பிறகு ஆறுதலா இருந்து, டிஸ்க் எந்தப் படியில காணாமப் போகுது எண்டு பாத்தம். முதல் படி பயோஸ். அதில டிஸ்கின்ர பேரும் 256 ஜிபி எண்ட அளவும் வடிவாத் தெரிஞ்சது. அப்ப செத்த டிஸ்க் மாதிரித் தெரியேல்லை. அடுத்த படி கர்னல். லைவ் முறையில டேர்மினலைத் திறந்து கர்னலின்ர செய்திகளை வாசிச்சம். ஒரு என்விஎம்இ டிஸ்க் மறைவா இருக்குது, பயோஸில ரெய்டை ஏஎச்சிஐ ஆக்குங்கோ எண்டு அதிலயே எழுதிக் கிடந்தது.

விசயம் இதுதான். இந்தக் கணினி எட்டாம் தலைமுறை இன்டெல். இப்பிடியான சிலதில ஆர்எஸ்டி எண்ட ஏற்பாடு, என்விஎம்இ டிஸ்கை சாட்டா கட்டுப்படுத்திக்குப் பின்னால ஒளிச்சு வைக்கும். விண்டோஸிட்ட அதுக்கான இன்டெல் டிரைவர் இருக்கு. லினக்ஸ் கர்னல் அந்த ஒளிப்பை ஆதரிக்கிறதில்லை.

உங்கட விண்டோஸ் இன்னும் வேலை செய்யுதெண்டா, பயோஸை உடன மாத்தாதேங்கோ. பிறகு விண்டோஸ் திறக்காமப் போகலாம். முதல் சேஃப் மோடில எழும்ப ஒழுங்கு செய்துபோட்டு மாத்துங்கோ. அந்த முறையில ஒருக்கா எழும்பினா விண்டோஸ் புது டிரைவரைப் பிடிச்சிடும். பிட்லொக்கர் இருந்தா மீட்புச் சாவியைக் கையில வைச்சிருங்கோ. ரெண்டு டிஸ்கை உண்மையாவே ரெய்டில சேர்த்திருந்தா தொடவே வேண்டாம்.

எங்களுக்கு விண்டோஸ் ஏற்கெனவே போனபடியால் நேரா மாத்தினம். பிட்லொக்கரும் இல்லாதது எங்கட அதிர்ஷ்டம். திரும்ப எழுப்பினா டிஸ்க் வந்து நிண்டது. ஆனா நிறுவேல்லை. டிஸ்கை வாசிக்க மட்டும் திறந்து, எல்லாத்தையும் வெளி டிஸ்க் ஒண்டுக்குப் பிரதி எடுத்தம். தோழி ஒரு பதிவைப் போட்டுப் பாத்தா. அப்பா கதைக்கிறதுக்குப் பின்னால காத்துச் சத்தமும் கேட்டது. அவ இன்னொரு பிரதி எடுத்துத் தம்பியிட்டக் குடுத்த பிறகுதான் "எல்லாத்தையும் அழி" எண்டதை அமத்தினம்.

இப்ப எங்கட கொப்பியின்ர முதல் பக்கத்தில மூண்டு கேள்வி எழுதி வைச்சிருக்கிறம்: பயோஸுக்குத் தெரியுதா? கர்னலுக்குத் தெரியுதா? பிரதி எடுத்தாச்சா? மூண்டாவதுக்குப் பதில் இல்லாமல் ஒருத்தரின்ர கணினியிலயும் கை வைக்கிறதில்லை.