சாட்சி சொன்னவள்

‘மார்ட்டிர்’ என்ற கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் சாட்சி. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை இரத்தசாட்சி, மறைசாட்சி என்று பொருத்தமாகவே பெயர்த்துக்கொண்டார்கள். ஆனால் தொடக்ககால மறைசாட்சிகளில் பெரும்பாலோரின் கதையைப் பிறர்தான் எழுதினார்கள். பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். விதிவிலக்காக ஒருத்தி இருக்கிறாள்: விபியா பெர்பெத்துவா.

203ஆம் ஆண்டு, ரோமப் பேரரசின் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜ். அவளுக்கு வயது ஏறக்குறைய 22. நல்ல குடியில் பிறந்தவள், படித்தவள், மணமானவள். கையில் பால்குடி மாறாத மகன். கிறிஸ்தவ நெறியில் சேர ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது கைதானாள். சிறையில் அவள் இலத்தீனில் எழுதிய குறிப்புகளுக்கு முன்னும் பின்னும் எழுதிச் சேர்த்து, பெயர் தெரியாத ஒருவர் நமக்குத் தந்திருக்கிறார். கிறிஸ்தவப் பெண்ணொருத்தி தானே எழுதியதாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதிகளுள் ஒன்று அது.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது பால். சிறையின் இருட்டும் புழுக்கமும் அவளை வாட்டுகின்றன. அதைவிடக் குழந்தையின் நினைவு வாட்டுகிறது. பசியால் துவண்டுபோன பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். அவனை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனையாகிவிட்டது என்கிறாள். தீர்ப்புக்குப் பின் அவள் தந்தை குழந்தையைத் தர மறுக்கிறார். அதன்பின் பிள்ளை பாலுக்கு ஏங்கவில்லை, தன் மார்பும் கட்டி வலிக்கவில்லை என்று எழுதுகிறாள். அதைக் கடவுளின் கருணையாகக் கொள்கிறாள்.

என் மகள் பிறந்த மூன்றாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். மதியமானால் பால் கட்டிக்கொள்ளும். யாப்பு நடத்திக்கொண்டே முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வேன். இடைவேளையில் கழிப்பறையில் பீய்ச்சிக் கொட்டுவேன். அது எழுதத்தக்க பொருள் என்று நான் கற்ற எந்தப் பாடமும் சொன்னதில்லை. சாவுக்கு நாள் குறிக்கப்பட்ட ஒருத்தி அதை எழுதியிருக்கிறாள்.

தந்தை திரும்பத் திரும்ப வருகிறார். முதலில் கோபம். அங்கிருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதற்கு வேறு பெயர் சொல்ல முடியுமா என்று கேட்கிறாள். தானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறாள். பிறகு அவர் தன் நரையைக் காட்டிக் கெஞ்சுகிறார். கைகளை முத்தமிட்டுக் காலில் விழுகிறார். மகளே என்பதை விட்டு, சீமாட்டியே என்றழைக்கிறார். குடும்பத்தின் மேல் தந்தைக்கு முழு அதிகாரம் இருந்த சமூகம் அது. அதிகாரி ஹிலாரியானுஸ் கேட்டதும் ஒன்றுதான்: பேரரசர்களின் நலனுக்காக ஒரு பலி செலுத்து. அவள் மறுத்தாள். தந்தைக்கு விழுந்த பிரம்படி தன்மேலேயே விழுந்ததுபோல் வலித்தது என்கிறாள். கோபப்படும் அப்பாவை மறுத்துவிடலாம். அழும் அப்பாவை மறுப்பது எவ்வளவு கடினம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கணவனின் பெயர் பிரதியில் எங்குமே இல்லை.

கடைசி நாளுக்கு முந்தைய அவளுடைய கனவொன்றில் அவள் ஆணாக மாறி மல்லுக்கட்டி வெல்கிறாள். துணிச்சல் ஆணுடலுக்கே உரியது என்ற எண்ணம் அவள் கனவுக்குள்ளும் புகுந்திருக்கிறது. பின்னாளில் புனித அகுஸ்தீனும் அவளது ஆண்மை மிக்க உள்ளத்தைத்தான் புகழ்ந்தார். ஆனால் கனவில், வென்றவளுக்குப் பரிசுக் கிளையைத் தருகிறவர் ‘மகளே’ என்றுதான் அழைக்கிறார். அப்பா கைவிட்ட சொல் அவளுக்கு அங்கே திரும்பக் கிடைக்கிறது.

அவளோடு கைதானவர்களுள் ஒருத்தி பெலிசித்தா. அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிக்கு மரண தண்டனையை நிறைவேற்றச் சட்டம் இடம் தரவில்லை. தோழர்கள் போய்விடத் தான் மட்டும் பின்தங்கிவிடுவோமோ என்று அவள் அஞ்சினாள். சிறையிலேயே முன்கூட்டி வலி கண்டு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையைக் கிறிஸ்தவச் சகோதரி ஒருத்தி தன் மகளாக வளர்த்தாள். பெலிசித்தா எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அரங்கில் அவள் மார்பிலிருந்து பால் சொட்டுவதைக் கண்டு கூட்டம் திடுக்கிட்டது என்று மற்றவர் எழுதியிருக்கிறார். பெர்பெத்துவாவின் பாலைப் பற்றி அவளே எழுதினாள். பெலிசித்தாவின் பாலை ஊரே வேடிக்கை பார்த்தது.

மார்ச் 7. பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகள். பெண்கள் என்பதால் அவர்கள்மேல் வெறிகொண்ட பசு ஒன்றை ஏவினார்கள். தூக்கி எறியப்பட்ட பெர்பெத்துவா கிழிந்த உடையைச் சரிசெய்தாள். விரித்த கூந்தல் துக்கத்தின் அடையாளம் என்பதால் கூந்தலை முடிந்துகொண்டாள். பிறகு, விழுந்து கிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் சேர்ந்து நின்றார்கள். இறுதியில், பழக்கமில்லாத இளம் வீரனின் தடுமாறிய கையைப் பற்றி, வாளைத் தன் கழுத்துக்குத் தானே கொண்டுவந்தாள்.

நாளை அரங்கில் நடப்பதை விருப்பமுள்ளவர் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லித்தான் பெர்பெத்துவா தன் குறிப்புகளை முடித்திருந்தாள். எழுதும் பெண்கள் அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். பெலிசித்தாவிலிருந்து தொடங்கலாம்.