தீர்ப்புச் சொல்கிறவர்கள்

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு மாலை வேளையில் ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஏழு சிறுகதைகள். "எனக்கு எழுத வருமா, வராதா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள், சார்" என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். படித்த அன்று எனக்குத் தலைவலி. தொடர்கதைக்கு அத்தியாயம் வேறு பாக்கி. மறு வாரம் அவர் வந்தபோது, நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு, "தம்பி, உங்களுக்கு இது வராது. கிடைத்த வேலையை ஒழுங்காகப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் நோட்டை வாங்கிக்கொண்டார்; வணக்கம் சொன்னார்; வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு அவரையும் நான் பார்க்கவில்லை, எந்தப் பத்திரிகையிலும் அவர் பெயரையும் பார்க்கவில்லை.

அந்த இளைஞரை எனக்கு ஓயாமல் நினைவூட்டிக்கொண்டிருப்பவர் ஓர் அமெரிக்க நடிகை. பெயர் ரூத் கார்டன்.

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் க்வின்ஸி என்ற ஊரில் 1896-ஆம் வருஷம் பிறந்தவர். தகப்பனார் முன்னாளில் கப்பலில் கடலோடியவர். பிறகு கரையேறி ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மன் வேலை பார்த்தார். பாஸ்டன் நகரில் ஓர் இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்த பெண், ஆனால் நடிகையாகத்தான் ஆவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். 1914-ல் நியூயார்க்குக்குப் போய், பெயர் பெற்ற நாடகக் கலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். ஒரு பருவம் முடிந்தது. 'உன்னிடம் நடிகைக்கு உரிய எதுவும் இல்லை. திரும்பி வராதே' என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷமே அந்தப் பெண் நியூயார்க் மேடையில் ஏறிவிட்டாள். 'பீட்டர் பான்' நாடகத்தில் ஒரு சிறு பையன் வேஷம்.

அதன் பிறகு நடந்தவற்றில் ஒன்றைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. அவருடைய கால்கள் வில்லைப் போல் சற்று வளைந்திருந்தன. 1920-ல் சிகாகோவில் ஆஸ்பத்திரியில் படுத்து, இரண்டு கால் எலும்புகளையும் உடைத்து நேராக்கிக்கொண்டார். இதைத் துணிச்சல் என்று புகழ எனக்குக் கை வரவில்லை. ஒரு பெண்ணின் எலும்பையே காணிக்கையாக வாங்கிக்கொள்ளும் மேடையைப் பற்றி என்ன சொல்வது! ஆயினும் அந்த வைராக்கியத்தின் முன்னால் பேச்சற்றுப் போகிறேன். 1927-ல் கணவர் கிரெகரி கெல்லி இளம் வயதிலேயே காலமானார். துக்கத்துக்குப் பிறகும் மேடை இருந்தது. 1936-ல் லண்டன் 'ஓல்ட் விக்' அரங்கில் நடித்தார். 1937-ல் நியூயார்க்கில் இப்ஸனின் நோராவாக வந்தார்.

சினிமா மட்டும் அவரிடம் தாராளமாக இல்லை. 1940-ல் ஆபிரகாம் லிங்கனின் மனைவியாக நடித்தார். 1943-க்குப் பிறகு இருபத்திரண்டு வருஷங்கள் திரையில் அவர் முகமே இல்லை. அந்த வருஷங்களில் அவர் மேடையை விடவில்லை. அதோடு பேனாவையும் எடுத்துக்கொண்டார். 1942-ல், தம்மைவிடப் பதினாறு வயது இளையவரான எழுத்தாளர் கார்ஸன் கேனினை மறுமணம் செய்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதைகளில் 'ஆடம்ஸ் ரிப்' முதலான மூன்று ஆஸ்கார் போட்டிக்குப் போயின.

தனியாகவும் எழுதினார். தம் இளமைக் கதையையே 1946-ல் நாடகமாக்கினார். 1953-ல் அது 'தி ஆக்ட்ரஸ்' என்ற படமாகியது. தகப்பனாராக ஸ்பென்ஸர் ட்ரேஸி. பெண் உடற்பயிற்சி ஆசிரியையாக வேண்டும் என்பது அந்தத் தகப்பனாரின் ஆசை. நாடகமாவது, மேடையாவது என்று கத்துகிறார். கடைசியில், தம் கப்பல் நாட்களின் நினைவாக உயிர்போல் வைத்திருந்த தொலைநோக்கியை எடுத்துப் பெண்ணிடம் கொடுக்கிறார்: விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். பெண்ணுக்கு நடிக்க வருமா என்று அந்தக் கப்பல்காரருக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தெரியாதவர் தொலைநோக்கியைக் கொடுத்தார்.

1965-ல் அவர் மறுபடியும் திரைக்கு வந்தார். 'ரோஸ்மேரீஸ் பேபி' படத்தில் பக்கத்து வீட்டுக் கிழவியாக நடித்ததற்காக 1969-ல் துணை நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. அப்போது வயது 72. மேடையேறி, இம்மாதிரி ஒரு பரிசு எவ்வளவு ஊக்கமளிக்கிறது தெரியுமா என்று, புதிதாகத் தொழிலுக்கு வந்த பெண்ணைப் போல் சொன்னார். சபை சிரித்தது. எனக்கென்னவோ அது முழுக்க வேடிக்கைப் பேச்சாகத் தோன்றவில்லை. 1971-ல் 'ஹாரல்ட் அண்ட் மாட்' படத்தில், எண்பதை எட்டப்போகும் மூதாட்டியாக நடித்தார்; வெளிவந்தபோது தோல்வியடைந்த அந்தப் படத்தை ஜனங்கள் பின்னால் தேடித் தேடிப் பார்த்தார்கள். 1985-ல், 88-ஆம் வயதில் மறைந்தார்.

விரட்டப்பட்டவர்கள் எல்லோரும் ரூத் கார்டன் ஆகிவிடுவார்கள் என்று சொன்னால் அது பொய். அந்தப் பள்ளிக்கூடத்தின் தீர்ப்பு வேறு நூறு பேர் விஷயத்தில் சரியாகவே இருந்திருக்கலாம். என்னிடம் வந்த இளைஞருக்கும் உண்மையிலேயே எழுத வராமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏழு கதைகளைத் தலைவலியோடு புரட்டிவிட்டு ஓர் ஆயுளுக்குத் தீர்ப்பு எழுத நான் யார்?

இப்போதெல்லாம் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வந்தால், "இந்தக் கதையில் இந்த இடம் சரியாக வரவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆளைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஏழில் மூன்றாவது கதையில், பஸ் நிலையத்தில் ஒரு கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணுவாள். குறைகிறதே என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாள். என் தொடர்கதையின் அந்த வார அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கே மறந்துவிட்டது. அந்தக் கிழவி மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.