வேலைக்கென்று ஓர் அறை

செப்டம்பர் 27, சனி

பொம்மைகள் கொலுப்படி ஏறியாயிற்று. அவற்றின் பெட்டிகள் என் வேலை அறையில் வெறுமையாகக் கிடக்கின்றன. ஆண்டு முழுக்க அடைந்திருக்கும் பரண் நவராத்திரியில்தான் காலியாகிறது. வடகிழக்குப் பருவமழைக்கும் இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அறையை ஒழுங்குபடுத்த இதைவிட நல்ல சமயம் கிடையாது. சரஸ்வதி பூஜைக்குள் முடித்துவிட வேண்டும்.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால், அறையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். புத்தகங்களுக்குப் புரூப் பார்ப்பது என் தொழில். அதற்குத் தேவை மேசை, நாற்காலி, கணினி, பிரிண்டர், அகராதிகள், பேனாக்கள், கைவசம் உள்ள புரூப் கட்டு. அறையில் இருப்பவையோ அரிசி மூட்டை, மடக்குக் கட்டில், இஸ்திரிப் பலகை, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, மகளின் பழைய பாடப்புத்தகங்கள், மழைநாளில் துணி காயப்போடும் கொடி. பாதிக்கு மேல் என் வேலையோடு சம்பந்தமே இல்லாதவை. வீட்டில் இடம் கிடைக்காத பொருளெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறவர்களின் வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை தெரிவதில்லை. அதனால் அது நடக்கும் அறையும் காலி இடமாகவே படுகிறது. குப்பை சேர்ந்ததன் வேர் இதுதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலைக் காபிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது பேச்சை எடுத்தேன்.

“அரிசி மூட்டையை வேற எங்கேம்மா வைக்கறது? சமையல்கட்டுத் தரை ஈரமாச்சே” என்றார் அத்தை.

“மூடி போட்ட டிரம்ல கொட்டி, மணைப்பலகை மேல வெச்சுட்டா ஈரம் ஏறாது அத்தை. உங்களுக்கும் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் நடக்க வேண்டாம்.”

அவருக்கு அந்தக் கடைசிக் காரணம் பிடித்திருந்தது. கொடி பால்கனிக்குப் போயிற்று. பாடப்புத்தகங்களைக் கீழ்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடுவதாக மகள் சொன்னாள். மடக்குக் கட்டில் மட்டும் இங்கேயே கதவுக்குப் பின்னால் நிற்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள் படுக்க வேறு இடமில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரு பொருளை வெளியேற்றினால் மட்டும் போதாது, அது போய் இருக்க ஓர் இடத்தையும் சேர்த்துத் தீர்மானித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே திரும்பி வந்துவிடும்.

செப்டம்பர் 29, திங்கள்

இன்று முழுக்கத் தாள்களோடு. முதல் புரூப், இரண்டாம் புரூப், இறுதிப் புரூப் எல்லாம் கலந்து கிடந்தன. அச்சேறிவிட்ட புத்தகங்களுக்கு இறுதிப் புரூப் மட்டும் போதும். மறுபதிப்பு வரும்போது ஒரு திருத்தம் ஏன் செய்யப்பட்டது என்ற கேள்வி எழுந்தால் பதில் அதில் இருக்கும். ஒவ்வொரு கட்டின் மேலும் நூலின் பெயரையும் ஆண்டையும் எழுதி, முதுகு தெரியும்படி நிறுத்தினேன்.

மீதித் தாளை அப்படியே பழைய பேப்பர்க் கடைக்குப் போட எனக்கு மனம் வராது. அங்கிருந்து போகும் தாள் கடைகளில் பொட்டலம் மடிக்கப் பயன்படும். நம்பிக் கொடுத்த ஒருவரின் வெளிவராத அத்தியாயம் சுண்டல் பொட்டலமாகக் கூடாது. கிழித்த பிறகே மூட்டை கட்டினேன். பழுதான மடிக்கணினியை மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்குக் கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்ததும் இதற்காகத்தான்.

வரிக் கணக்குத் தாள்களைப் பல ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம். ஆனால் கடைகளில் மெஷினிலிருந்து வரும் வழவழப்பான பில்கள் அத்தனை காலம் தாங்குவதில்லை. அவை மை இல்லாமல் சூட்டால் அச்சாகிறவை. நம் ஊர் வெக்கையில் எழுத்து வெளிறிப்போகும். ஒவ்வொன்றையும் நகலெடுத்துச் சேர்த்தேன்.

அலமாரியின் அடித்தட்டில் ராமபாணப் பூச்சி. இருட்டு, ஈரம், பசை மூன்றும் அதற்குப் பிடிக்கும். வசம்பும் வேப்பிலையும் வைப்பது சுவடிக் காலத்து வழக்கம். நானும் வைத்தேன். அதற்கும் மேலாக அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். காற்றோட்டம் இருந்தால் ஈரம் தங்காது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மேசையை இடம் மாற்றினோம். இதுவரை ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கணினித் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், தாளில் என் நிழலே விழும். இப்போது ஜன்னல் இடப்பக்கம். வலக்கையால் எழுதுகிறவளுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால்தான் கையின் நிழல் வரியை மறைக்காது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள சிறு வேறுபாடு, விட்டுப்போன ஒரு புள்ளி இவையெல்லாம் நிழலில்தான் தப்பிப் போகும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி அடியில் மரக்கட்டை கொடுத்தேன்.

எது எங்கே என்பதற்கு எனக்கு வழிகாட்டி எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்கிறது. பெரிய நூலகங்களுக்காக யோசித்தவை என் ஒற்றை அலமாரிக்கும் பொருந்துகின்றன.

நான்காவதன்படி, அடிக்கடி எடுப்பவை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நாள்தோறும் வேண்டும், அதற்கு இடம் மேசைமேல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், கனமும் அதிகம். ஏணி போட்டு எடுக்கும் இடத்தில் இருந்தால், சந்தேகம் வந்தாலும் பார்க்காமல் விடவே கை பழகும். உட்கார்ந்தபடி எடுக்கும் தட்டில் வைத்தேன். ஐந்தாவதன்படி ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டேன்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. லெக்சிகனின் முதல் தொகுதியும் என் சிவப்புப் பேனாக்களும் பூஜையில் இருக்கின்றன. அத்தை குங்குமச் சிமிழோடு என் அறைக்கு வந்து, மேசைக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்தார். “உன் பட்டறைம்மா இது” என்றார். உலைக்கூடத்திலும் அச்சகத்திலும் இன்று நடப்பது இந்த அறையிலும் நடந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலையில் புதிய நாவல் ஒன்றின் முதல் புரூப்பைத் தொடங்கினேன். தேடுவதற்காக ஒருமுறையும் எழுந்திருக்கவில்லை. மதியம் மகள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகச் செய்தது.

தையல், டியூஷன், கணக்கு எழுதுவது என்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள், அதிலும் பெண்கள், நம்மிடையே எத்தனையோ பேர். தனி அறை எல்லோருக்கும் வாய்க்காது. ஒரு மேசையோ ஒரு மூலையோ போதும், ஆனால் அது இன்ன வேலைக்கான இடம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்டுப் பெறுவதும் அறையை ஒழுங்குசெய்வதில் சேர்ந்ததுதான். அலமாரியை அடுக்குவது அதற்குப் பிறகு.