வெளிச்சம் செய்த முகம்

கேத்தி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்புவுக்கு,

சித்தி எழுதுவது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒரு பக்கமாக அலையலையாய் விழும் கூந்தல், அடர்சிவப்பு லிப்ஸ்டிக், கண்ணோரம் இழுத்துவிட்ட ஐலைனர். ஜனவரி ரிசப்ஷனுக்கு அந்தக் கல்யாணப்பெண் கேட்கும் 'ஓல்ட் ஹாலிவுட் லுக்' இதுதான் என்றால் உனக்கு அது கைவந்த கலை. ஆனால் இன்றைய நடிகைகள் எல்லாம் ஏன் எண்பது வருஷம் பின்னால் போய் முகத்தைக் கடன் வாங்குகிறார்கள் என்று கேட்டிருந்தாயே, அதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது.

உன் அம்மாவும் நானும் ஊட்டி அசெம்பிளி ரூம்ஸில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவர்கள். வசனம் பாதி புரியாது, முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த முகங்களை எப்படிச் செய்தார்கள் என்று பின்னால்தான் படித்தேன். மார்லின் டீட்ரிச்சுக்கு ஸ்டெர்ன்பெர்க் என்ற டைரக்டர் நேர் எதிரே உயரத்திலிருந்து விளக்கைப் போடுவார். கன்னம் ஒட்டி எலும்பு எடுப்பாகத் தெரியும், மூக்குக்குக் கீழே சின்னதாக ஒரு நிழல் விழும். நீ காண்டூர் என்று பிரஷ்ஷால் இழுக்கிறாயே, அன்று அதை விளக்கு செய்தது. ரீட்டா ஹேவொர்த்துக்கு நெற்றி அகலமாகத் தெரிய முடியை மின்சாரத்தால் வேரோடு அகற்றினார்கள். மார்கரீட்டா கான்சினோ என்ற சொந்தப் பெயரும் கூடவே போனது.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது மெர்ல் ஓபரான் கதைதான். 1911-ல் பம்பாயில் பிறந்தவர். வளர்த்த பாட்டி இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண். ஹாலிவுட்டில் இதைச் சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாக ஒரு கதை கட்டினார்கள். கறுத்த அந்தப் பாட்டி விருந்தாளிகள் முன்னால் வேலைக்காரியாக நின்றாராம். 1935-ல் வந்த 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார் மெர்ல். பிறகு கார் விபத்தில் முகத்தில் தழும்பு. அது தெரியாமலிருக்க லூசியன் பல்லார்ட் என்ற கேமராமேன் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினார். அந்த விளக்குக்கு 'ஓபி' என்று ஓபரான் பெயரே நிலைத்துவிட்டது. நாம் கும்பிடும் 'கிளாசிக்' அழகுக்குள் நம் பக்கத்து நிறம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது, பாப்பு. ஒளித்ததும் வெளிச்சம்தான்.

இந்த வித்தை நம் ஊருக்கும் வந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1945-ல் 'மீரா' எடுத்தபோது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைச் சிலையாக வடிக்கச் சொல்லி, கேமராமேன் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து அதன்மேல் விளக்கை விதவிதமாகப் போட்டுப் பார்த்தார். எந்தக் கோணத்தில் முகம் எப்படி நிற்கும் என்று தெரிந்த பிறகே படப்பிடிப்பு. எம்.எஸ். முகத்தை இன்னொருத்தி முகமாக மாற்ற அவர் முயலவில்லை என்பதைக் கவனி.

ஆனால் 2022-ல் கிம் கர்தாஷியன் என்ன செய்தார்? 1962-ல் மர்லின் மன்றோ உடுத்திய அதே கவுனுக்குள் நுழைவதற்காக மூன்றே வாரத்தில் ஏழு கிலோ இளைத்தார். எனக்கு அது பக்தியாகவும் தெரியவில்லை, அழகாகவும் தெரியவில்லை. கீர்த்தி சுரேஷ் 'நடிகையர் திலக'த்தில் சாவித்திரியானது வேறு கணக்கு. புருவத்தையும் பொட்டையும் தாண்டி, சாவித்திரி கண்ணை எங்கே நிறுத்துவார் என்பது வரை அவர் படித்திருந்தார்.

நம் கேத்தி ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி இங்கே எடுத்ததுதான்: மழை, சேறு, ரயிலில் ஸ்ரீதேவி. அதை எடுத்த பாலு மகேந்திரா முடிந்தவரை இயற்கை வெளிச்சத்தையே நம்பியவர். 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் மாநிறத்தை அப்படியே விட்டார். அந்தப் பெண்ணுக்குத் தேசிய விருதே கிடைத்தது. கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி 2015-ல் 'பிரேமம்' படத்தில் பருவோடு வந்து நின்றபோது, மலையிலிருக்கும் பெண்பிள்ளைகள் எல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். சிவப்பழகு கிரீம் விளம்பரம் வந்தபோதும் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். அந்தக் கூந்தலையும் லிப்ஸ்டிக்கையும் தாராளமாகச் செய். சிவப்பை மட்டும் அவள் நிறத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் செங்கல் பக்கமோ அரக்குப் பக்கமோ நகர்த்து. வெளிறிய ஃபவுண்டேஷனை அவள்மேல் ஏற்றாதே, மண்டபத்து எல்.இ.டி. வெளிச்சத்தில் சாம்பல் பூத்துத் தெரியும். ட்ரையலைப் பகலில், ஜன்னல் பக்கமாக உட்காரவைத்துச் செய். வீடியோக்காரர் விளக்கை எங்கே வைப்பார் என்று முதல் நாளே கேட்டுக்கொள்.

பெண்ணின் அம்மா "ரெண்டு ஷேடு வெளுப்பா வேணும்" என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தாய். முடியாது என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் என் நம்பரைக் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி